கடலின் கதியும் காதின் கணக்கும்

இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏற, முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே கழன்றுவிடுமோ என்று அஞ்சும்படி கடகடத்துச் செல்லும் கட்டைவண்டியில் பத்து மைல் பிரயாணம் செய்தவர்களுக்கு இடுப்பு நொந்ததுண்டு, பல்லோடு பல் மோதியதுண்டு. ஆனால் அந்தக் குலுக்கலினால் வாந்தி எடுத்ததாகச் சொன்னவர் மிக அரிது. அதே மனிதர்கள், மெத்தையும் குளிர்சாதனமும் வாய்ந்த உல்லாசக் கப்பலில் ஏறி, நிற்கிறதா நகர்கிறதா என்று சந்தேகிக்கும்படி அது மெல்ல உயர்ந்து மெல்லத் தாழும்போது, அரை மணி நேரத்துக்குள் கொட்டாவி விட்டு, நெற்றி வியர்த்து, முகம் வெளிறி, சற்று முன் ஆசையோடு பார்த்த விருந்து மேஜையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாதவர்களாகி விடுகிறார்கள். முரட்டுத்தனமாகக் குலுக்குவது வயிற்றைத் தொடவில்லை. மென்மையாக அசைப்பது குடலைப் புரட்டுகிறது. இந்த முரண்பாட்டின் காரணத்தை அறிந்துகொண்டவனுக்கு, கப்பல் பிரயாணத்தை எந்த மாதத்தில் வைத்துக்கொள்வது, எந்த அறையைக் கேட்டு வாங்குவது, கப்பலில் எங்கே நிற்பது, மாத்திரையை எப்போது விழுங்குவது என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை தானே வந்து சேரும்.

நம் பாட்டனார் காலத்தவர் பிழைப்பைத் தேடி ரஜுலா கப்பலிலும் பின்னர் சிதம்பரம் கப்பலிலும் கடந்த அதே வங்கக் கடலை, இப்போது விடுமுறைக்காகக் கடக்கும் குடும்பங்கள் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படத் தொடங்கி, மறு ஆண்டில் இலங்கைத் துறைமுகங்களையும் தன் பாதையில் சேர்த்துக்கொண்டது. இத்தகைய கப்பல்களின் விளம்பரப் பிரசுரங்கள் எத்தனை உணவுக்கூடங்கள், எத்தனை நீச்சல் குளங்கள் என்று விஸ்தாரமாகச் சொல்லுமேயன்றி, கப்பல் எத்தனை வினாடிக்கு ஒரு முறை ஆடும் என்பதை ஒருபோதும் சொல்வதில்லை. பிரயாணியின் சுகதுக்கத்தை நிர்ணயிப்பது அந்தச் சொல்லப்படாத எண்ணே.

முதலில் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயிற்றின் துன்பத்துக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது. கபால எலும்பின் உள்ளே புதைந்து, ஒலியைக் கேட்பதோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாமல், உடலின் சமநிலையைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் உறுப்பு ஒவ்வொரு காதிலும் உண்டு. அதில் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் திரவம் நிரம்பி இருக்கின்றன. தலையைத் திருப்பும்போது குழல் உடனே திரும்ப, உள்ளே இருக்கும் திரவம் சற்றுப் பின்தங்க, அந்த வேறுபாட்டை மயிரிழை போன்ற நுண்ணிய உணர்விகள் மூளைக்கு அறிவிக்கின்றன. குழல்களுக்கு அடியில் இரண்டு சிறு பைகள். அவற்றினுள் கொழகொழத்த படலத்தின் மேல் சுண்ணாம்புப் படிகங்கள் பரவிக் கிடக்கின்றன. இவற்றைச் செவிக்கற்கள் என்று சொல்லலாம். தலையைச் சாய்த்தால் கற்கள் சரிவை நோக்கி இழுக்கப்படும். வண்டி திடீரென்று முன்னே பாய்ந்தால் கற்கள் பின்தங்கும். குழல்கள் சுழற்சியையும், கற்கள் சாய்வையும் நேர்கோட்டு வேகமாற்றத்தையும் தெரிவிக்கின்றன என்று பொதுவாகச் சொல்லிவிடலாம்.

கடல் மயக்கத்துக்கு இந்த உறுப்புத்தான் காரணம் என்று எவ்வாறு தெரியும்? அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1882-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், காது கேளாத 519 பேரிடம் தலைசுற்றலைப் பற்றி விசாரித்தபோது, அவர்களில் 186 பேர் எவ்வளவு சுழற்றினாலும் தமக்குத் தலை சுற்றுவதே இல்லை என்றனர். ஒப்புநோக்குவதற்காக ஹார்வர்டில் விசாரித்த ஏறத்தாழ இருநூறு பேரில் அப்படிச் சொன்னவர் ஒரே ஒருவர். செவிப்புலனைப் பறித்த நோய் பலருக்குச் சமநிலை உறுப்பையும் சேர்த்தே பறித்துவிட்டது என்பது அதன் உட்பொருள். இதையே நேரடியாகச் சோதிக்கும் வாய்ப்பு, விண்வெளிக்கு மனிதரை அனுப்ப அமெரிக்கர் ஆயத்தம் செய்த 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் வாய்த்தது. வாஷிங்டனிலுள்ள காலடெட் கல்லூரியைச் சேர்ந்த, செவிப்புலன் இழந்த பதினொரு ஆண்கள் — அவர்களில் பெரும்பாலோர் பால்யத்தில் மூளையுறைக் காய்ச்சலால் காதிழந்தவர்கள் — கடற்படை வைத்தியர்களின் பரிசோதனைகளுக்கு உடன்பட்டனர். சுழலும் அறைகளிலும், எடையற்ற நிலையை உண்டாக்கும் விமானங்களிலும் சோதிக்கப்பட்ட இவர்களை ஒரு முறை கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையை ஒட்டிய கொந்தளிப்பான கடலில் படகேற்றிச் சென்றார்கள். சோதனைக்கு ஆளானவர்கள் சீட்டாடிக்கொண்டும் சைகையால் வேடிக்கை பேசிக்கொண்டும் இன்பமாக இருக்க, சோதிக்கப் போன விஞ்ஞானிகளே படுத்த படுக்கையாகிவிட்டதால் சோதனையை நிறுத்தவேண்டி வந்தது. விஞ்ஞான சரித்திரத்தில் தோல்வியடைந்த சோதனை ஒன்று இவ்வளவு தெளிவாக ஓர் உண்மையை நிரூபித்த சந்தர்ப்பங்கள் அதிகம் இரா.

மறுபுறம், பிறவியிலேயே பார்வையற்றவர்களுக்கும் பிரயாண மயக்கம் வருவதுண்டு. ஆகவே கண் இல்லாமலும் இந்த நோய் உண்டாகும். சமநிலை உறுப்பு இல்லாமல் உண்டாகாது. கண் குற்றவாளி அன்று; ஆனால் குற்றத்துக்கு உடந்தையாக இருக்கக்கூடியது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இனி, கட்டைவண்டிக்கும் கப்பலுக்கும் உள்ள வேற்றுமை. 1974-இல் ஓஹான்லன், மெக்காலி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கலிபோர்னியாவில் நடத்திய பரிசோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். முந்நூறுக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்களைச் சிலர் சிலராக, வெளியே பார்க்க முடியாத ஒரு சிறு அறையில் அமர்த்தி, அந்த அறையை யந்திரத்தினால் மேலும் கீழுமாக அசைத்தார்கள். அசைவின் வலிமையையும், அது திரும்பி வரும் கால அளவையும் ஒவ்வொரு குழுவுக்கும் மாற்றிக்கொண்டே போனார்கள். ஒரே வலிமையுள்ள அசைவானாலும், வினாடிக்கு ஒரு தரம் என்ற வேகத்தில் அது வந்தபோது மாணவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை எனலாம். ஐந்து அல்லது ஆறு வினாடிக்கு ஒரு தரம் வந்தபோது வாந்தி எடுத்தவர் தொகை உச்சத்தை எட்டியது. அதைக் காட்டிலும் மெதுவாகப் போனால் தொல்லை மீண்டும் குறைந்தது. கட்டைவண்டி வினாடிக்குப் பல தரம் குலுக்குகிறது. நடக்கும்போது நம் தலையே வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு தரம் ஏறி இறங்குகிறது. இவை இரண்டும் அந்த அபாய எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன. அலையில் மிதக்கும் சிறு கப்பலோ அந்த எல்லையின் நடுவிலேயே போய் விழுகிறது.

ஏன் ஐந்தாறு வினாடி? இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுவது பின்வருவது. செவிக்கற்களை இழுப்பவை இரண்டு: ஒன்று பூமியின் ஈர்ப்பு, மற்றொன்று நம்மைத் தள்ளும் வாகனம். கற்கள் இழுபட்டதை மட்டும் வைத்துக்கொண்டு எது ஈர்ப்பு, எது தள்ளல் என்று பிரித்தறிய இயலாது. ஆனால் ஈர்ப்பு என்றும் மாறாதது. நம் நடையும் ஓட்டமும் கணத்துக்குக் கணம் மாறுபவை. ஆகையால் மூளை ஓர் எளிய விதியைக் கைக்கொள்கிறது: நிதானமாக மாறுவதெல்லாம் ஈர்ப்பைச் சேர்ந்தது, விரைந்து மாறுவதெல்லாம் இயக்கத்தைச் சேர்ந்தது. தரையில் வாழும் பிராணிக்கு இந்த விதி ஒருபோதும் பிழைபடுவதில்லை. ஐந்தாறு வினாடிக்கு ஒரு தரம் வரும் அசைவோ ஈர்ப்பு என்று தள்ளிவிடுவதற்கு மிக விரைவானது, இயக்கம் என்று ஒப்புக்கொள்வதற்கு மிக மெதுவானது. கணக்கின் இரு பத்திகளிலும் சேராமல் நடுவே தொங்குகிறது. கீழ்த்திசை எது என்ற, சகல அசைவுகளுக்கும் அடிப்படையான கேள்விக்கே விடை தடுமாறுகிறது. அதோடு, ஜன்னலற்ற அறையில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும் கண்ணானது எதுவுமே அசையவில்லை என்று சாதிக்கும்போது, தடுமாற்றம் முழுமையாகிறது. எதிர்பார்த்த செய்திக்கும் வந்துசேர்ந்த செய்திக்கும் இடையே நேரும் இத்தகைய பிணக்கே பிரயாண மயக்கத்தின் காரணம் என்பதை விரிவாக எடுத்துரைத்தவர் ஆங்கில உளவியலறிஞர் ஜேம்ஸ் ரீஸன்.

பிணக்கு மூளையில் இருக்கட்டும். தண்டனை வயிற்றுக்கு ஏன்? 1977-இல் ட்ரைஸ்மன் என்பவர் ஒரு யூகத்தை முன்வைத்தார். காட்டில் கண்டதைத் தின்ற நம் முன்னோருக்குக் கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று மாறாகப் பேசத் தொடங்கினால், விஷக் காயையோ கிழங்கையோ தின்றுவிட்டார்கள் என்பதே அதற்குப் பெரும்பாலும் அர்த்தம். உடனே வயிற்றைக் காலி செய்த பிராணி பிழைத்தது. கப்பலில் அந்தப் பழைய காவலாளி விஷம் என்று தவறாக நினைத்து மணியடிக்கிறான் என்பது அவர் கருத்து. சமநிலை உறுப்பை நீக்கிய நாய்கள் சில விஷங்களுக்கு வாந்தி எடுப்பதிலும் மந்தமாகிவிட்டன என்று 1983-இல் வெளியான பரிசோதனை இதற்கு ஓரளவு ஆதரவு தருகிறது. யூகம் அழகானதுதான், அழகு காரணமாகவே அதை உண்மை என்று எழுதி வைத்துவிடவும் கூடாது.

காதின் கணக்கு இதுவென்றால் கடலின் கதி என்ன? கடலில் எழும் அலைகள் இரு வகை. அவ்விடத்திலேயே வீசும் காற்று எழுப்பும் அலைகள் குறுகியவை, ஒழுங்கற்றவை. நான்கு முதல் எட்டு வினாடிக்கு ஒன்றாக வருபவை. எங்கோ ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், பெரும்பாலும் தென் சமுத்திரத்தில், புயல் எழுப்பிய அலைகள் நெடுந்தூரம் ஓடிவரும் வழியில் குறுகியவை அடங்கிப்போக, நீண்டவை மட்டும் எஞ்சி, பன்னிரண்டு பதினாறு வினாடிக்கு ஒன்றாக நிதானமாக வந்து சேர்கின்றன. காற்றே இல்லாத நாளில் கேரளக் கரையில் திடீரென்று ஏறி வீடுகளுக்குள் புகும் 'கள்ளக்கடல்' இத்தகைய நெட்டலைகளின் வேலை. ஆறு வினாடி அலையில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 56 மீட்டர். பன்னிரண்டு வினாடி அலையிலோ 225 மீட்டர்.

இந்த இரு எண்களைக் கப்பலின் நீளத்தோடு பொருத்திப் பார்க்கவேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஓடும் சிறு பிரயாணிக் கப்பல் ஆறு வினாடி அலையின் முகட்டில் முழுவதும் ஏறி, பள்ளத்தில் முழுவதும் இறங்கியாகவேண்டும், தப்பிக்க வழியில்லை. 211 மீட்டர் நீளமுள்ள எம்ப்ரஸோ அதே அலைகள் மூன்று நான்கின் மேல் ஒரே சமயத்தில் படுத்திருக்கிறது. ஓர் அலை தூக்கும்போது இன்னோர் அலை இறக்க, ஒன்றின் செயலை மற்றொன்று அழித்துவிடுகிறது. 2024-இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 365 மீட்டர் நீளமுடையது. காற்றலைகளை அது பொருட்படுத்துவதே இல்லை, நெட்டலைகளுக்கு மட்டுமே அசைந்து கொடுக்கிறது. அந்த அசைவும் பன்னிரண்டு வினாடி, பதினைந்து வினாடி என்று நிதானமானதாகையால், காதின் கணக்கு அதிகம் குழம்புவதில்லை. பெரிய கப்பலில் சுகம் என்று எல்லோரும் சொல்வதன் பொருள், அது குறைவாக ஆடுகிறது என்பதோடு, மெதுவாக ஆடுகிறது என்பதுமாகும். பெரும் பட்டணத்தையொத்த கப்பல்களின் கூட்டமும் இரைச்சலும் எனக்கு உவப்பானவை அல்ல. ஆயினும் முதன்முதலாகக் கடலேறுகிறவர், அதிலும் மலைப்பாதைப் பேருந்திலேயே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பவர், பெரிய கப்பலைத் தேர்ந்துகொள்வதே புத்திசாலித்தனம்.

இங்கே கப்பல் கட்டும் சாஸ்திரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. எளிதில் கவிழாத கப்பல் சுகமான கப்பல் என்றே நாம் நினைப்போம். பியர் பூகேர் என்ற பிரெஞ்சு அறிஞர், பூமியின் வடிவத்தை அளப்பதற்காகப் அந்நாளில் பெரு எனப்பட்ட பகுதியின் ஆண்டீஸ் மலைகளில் தங்கியிருந்த ஆண்டுகளில் பெரும்பகுதி எழுதி 1746-இல் வெளியிட்ட நூலில், சாய்ந்த கப்பல் எந்தக் கற்பனைப் புள்ளியிலிருந்து தொங்குவதைப் போல நிமிரும் என்பதைக் கணக்கிடும் வழியைக் காட்டினார். அந்தத் தொங்குபுள்ளி கப்பலின் எடைமையத்துக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வலிமையாகக் கப்பல் நிமிரும். ஆனால் வலிமையாக நிமிர்வது என்றால் வெடுக்கென்று நிமிர்வது. அடியில் இரும்புப் பாளங்களை ஏற்றிய சரக்குக் கப்பல் எளிதில் கவிழாது. அதிலுள்ளவர்களை மட்டும் சுவரோடு சுவராக எறியும். 1861-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட் கப்பல்களின் பக்க ஆட்டத்தை ஆராய்ந்து, விறைப்பான கப்பலைவிடச் சற்றே தளர்ந்த கப்பல் அலையில் அமைதியாக இருக்கும் என்று விளக்கினார். இக்காலத்து உல்லாசக் கப்பலை வடிவமைப்பவர்கள், அபாயத்துக்கு இடமில்லாத அளவுக்கு அந்தத் தொங்குபுள்ளியின் உயரத்தைக் குறைத்து வைத்து, ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப வந்து மறுபக்கம் சாய்ந்து நிமிரப் பதினைந்து இருபது வினாடிக்கு மேல் ஆகும்படி செய்கிறார்கள். பத்துப் பதினைந்து மாடிகளோடு நிற்கும் கப்பலின் உயரத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள், மந்தமான ஆட்டம் தமக்காகவே ஏற்படுத்தப்பட்டது என்று அறிந்தால் ஆறுதல் பெறலாம்.

ஆட்டத்தை அடியோடு ஒழித்துவிடலாம் என்று ஆசைப்பட்டவர்களும் உண்டு. எஃகு செய்யும் முறையைக் கண்டுபிடித்துப் பெரும் செல்வமும் புகழும் ஈட்டிய ஹென்றி பெஸமர், 1868-இல் பிரான்ஸின் காலே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குக் கப்பலில் வந்தபோது மயக்கத்தால் மிகவும் அவதிப்பட்டு, லண்டன் போய்ச் சேர்ந்த பிறகும் தேறாமல் கிடந்தார். இரும்பை வசப்படுத்தியவர் கடலுக்குப் பணிவாரா? கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் தான் மட்டும் சாயாமல் நிற்கும்படி, அச்சில் தொங்கும் 70 அடி நீளமுள்ள ஒரு கூடத்தைக் கப்பலுக்குள்ளே அமைக்க ஏற்பாடு செய்து, தம் வீட்டருகே மாதிரி ஒன்றைக் கட்டிச் சோதித்தும் பார்த்து, தம் பெயரையே தாங்கிய கப்பலை மிதக்கவிட்டார். ஒருவன் ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டே நீரழுத்த யந்திரத்தின் கைப்பிடியை இயக்கிக் கூடத்தைச் சமனாக வைத்திருக்கவேண்டும் என்பது திட்டம். 1875 மே மாதம் 8-ஆம் தேதி விருந்தினரை ஏற்றிச் சென்ற பிரயாணத்தில் கூடம் அசையாதபடி பூட்டப்பட்டிருந்தது. கப்பலோ சுக்கானுக்கு அடங்காமல் காலே துறைமுகத்தின் கடற்பாலத்தில் போய் மோதியது. அதோடு அந்த முயற்சி முடிந்தது. பொன் வேலையும் மரச் செதுக்கும் நிறைந்த அந்தக் கூடம் பிற்பாடு ஒரு மாளிகையின் பில்லியர்ட்ஸ் அறையாகிப் பல ஆண்டுகள் தரையில் ஆடாமல் நின்றது.

கப்பல் மோதாமலே இருந்திருந்தாலும் பெஸமரின் கூடம் மயக்கத்தைத் தடுத்திராது என்பதே என் துணிபு. கப்பலின் அசைவுகளில் முக்கியமானவை மூன்று: இடமும் வலமுமாகச் சாயும் பக்க ஆட்டம்; முன்முனை எழப் பின்முனை தாழும் முன்பின் ஆட்டம்; கப்பல் முழுவதுமே எழுந்து தாழும் மேல்கீழ் ஆட்டம். கூடம் திருத்தக்கூடியது பக்கச் சாய்வை மட்டுமே. கலிபோர்னியா மாணவர்களைப் புரட்டியதோ மேல்கீழ் ஆட்டம். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல்களில் 20,029 கப்பல் பிரயாணிகளை விசாரித்து லாதரும் கிரிஃபினும் 1988-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், கப்பலில் எத்தனை பேர் நோயுறுவர் என்பது மேல்கீழ் வேகமாற்றத்தையே முக்கியமாகப் பொறுத்தது என்று காட்டியது. விசாரிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் வாந்தி எடுத்தார்கள். இக்காலத்துக் கப்பல்களில் நீருக்கடியில் இருபுறமும் சிறகு போல நீளும் நிலைப்படுத்திகளுக்கும் இதே வரம்பு உண்டு. 1936-இல் 'ஐல் ஆஃப் சார்க்' என்ற கப்பலில் டென்னி-பிரௌன் என்ற பெயர் கொண்ட அமைப்பாக இவை பொருத்தப்பட்ட பின் பரவலாயின. அலையில் உருண்டு புரள்வதற்குப் பேர்போன 'குவீன் மேரி' கப்பலுக்கு 1958-இல் இவை வந்தன. கப்பல் ஓடும்போது சிறகின் மேல் நீர் பாய்வதனால் உண்டாகும் விசையே பக்கச் சாய்வை எதிர்க்கிறது. ஆகவே நங்கூரமிட்டு நிற்கையில் இவற்றால் பெரிதும் பயனில்லை. ஓடும்போதும் மேல்கீழ் ஆட்டத்தை இவை தொடுவதில்லை. நிலைப்படுத்தி இருக்கிறது என்ற விளம்பர வாசகத்தைக் கண்டு, எந்த அறையானால் என்ன என்று இருந்துவிடக் கூடாது.

அறையைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் ஏற்றம் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. துலா மரத்தின் ஒரு முனை கிணற்றை நோக்கித் தாழ மறுமுனை வானை நோக்கி எழும்போது, அச்சுக்கு நேர் மேலே நிற்பவன் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கிறான். முனையில் நிற்பவன் ஆள் உயரம் ஏறி இறங்குகிறான். இருவருக்கும் ஆட்டத்தின் கால அளவு ஒன்றே, அளவுதான் வேறு. கப்பலின் முன்பின் ஆட்டமும் அப்படியே: முன்முனையின் அருகே இருக்கும் அறை ஒரு மாடி உயரம் ஏறி இறங்க, நடுவிலிருந்து சற்றே பின்னால் உள்ள அறை அமைதியாக இருக்கிறது. பக்க ஆட்டத்தில் உயரத்துக்கு ஏற்ப வீச்சு கூடுவதால் கீழ்த்தளம் மேல்தளத்தைவிட நல்லது. காலத்தை நிர்ணயிப்பவை கடலும் கப்பலும். அளவை நிர்ணயிப்பது நாம் வாங்கும் அறை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மேல்தளத்தில் முன்முனையில் பெரிய ஜன்னல்களோடு அமைந்த அறைகளுக்கு மிகுந்த கட்டணமும், கீழே நடுவில் உள்ள அறைகளுக்குக் குறைந்த கட்டணமும் வைப்பது வழக்கமாதலால், வயிற்றுக்கு உகந்த அறை மடிக்கும் உகந்ததாக அமைந்துவிடுகிறது. முன்பதிவின்போது கப்பலின் தள வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அறை எண் எங்கே வருகிறது என்று பார்த்துவிடவேண்டும். மேலே நடன அரங்கோ சமையலறையோ இல்லாத இடமா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். அது காதின் வேறொரு தொல்லை.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதே கணக்குத்தான். காற்று அலையை எழுப்பவேண்டுமானால் அதற்கு வேகம் மட்டும் போதாது. திறந்த கடலின்மேல் தடையின்றி ஓடுவதற்குத் தூரமும் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மலையாளக் கரை வரை அரபிக் கடல் முழுவதையும் தடையின்றிக் கடந்து வருகிறது. ஆகவே மும்பை, கோவா, லட்சத்தீவுப் பிரயாணத்துக்கு அது தகாத காலம். அதே காற்று சென்னையை அடையும்போது தரையைக் கடந்து வந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரத்தில் அலை எழுப்ப அதற்குத் தூரம் கிடைப்பதில்லை. இலங்கையிலும் இவ்வாறே: அம்மாதங்களில் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையில் கடல் சாந்தமாக இருக்க, தென்கோடியில் உள்ள அம்பாந்தோட்டை தென்மேற்கு அலைகளை நேருக்கு நேர் ஏற்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நிலைமை தலைகீழாகிறது. வடகிழக்குக் காற்று வங்கக் கடல் முழுவதையும் கடந்து நம் கரையை நோக்கி வருகிறது, புயல்களும் அப்போதே அதிகம். 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டதற்குப் பருவம் ஒரு காரணம். ஜனவரி முதல் மார்ச் வரை இரு கடல்களும் பொதுவாக அமைதியானவை. முதல் பிரயாணத்துக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

கப்பலில் ஏறிய பிறகு செய்யத்தக்கவை சிலவே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்தை ஓட்டுகிறவருக்கு மயக்கம் வருவதில்லை. அடுத்த வளைவை அவர் கண் முன்னதாகவே மூளைக்குச் சொல்லிவிடுகிறது. பேருந்துப் பிரயாணிகள் 3,256 பேரைப் பற்றி 1999-இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்றில், முன்னே உள்ள சாலையைப் பார்க்க முடியாத இடத்தில் அமர்ந்தவர்கள், அதை நன்றாகப் பார்க்க முடிந்தவர்களைப்போல ஏறத்தாழ மும்மடங்கு நோயுற்றார்கள். ஆகவே மயக்கத்தின் முதல் குறியான கொட்டாவி வந்தவுடனே, கைப்பேசியை மூடிவிட்டு, நடுத்தளத்தின் திறந்த பகுதிக்குச் சென்று அடிவானத்தைப் பார்த்து நிற்கவேண்டும். அடிவானம் ஒன்றுதான் கப்பலோடு ஆடாத பொருள். அதைக் கண்ட கண் காதோடு பிணங்குவதில்லை. இரவில் அது தெரியாதபோது மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வது அடுத்த உபாயம். பொய்சாட்சி சொல்லும் கண்ணைவிட மூடிய கண் மேல்.

மருந்துகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1947-இல் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்காகப் புதிய மருந்து ஒன்றைப் பெற்ற கர்ப்பிணி ஒருவர், டிராம் வண்டியில் வரும்போதெல்லாம் தமக்கு வழக்கமாக வரும் குமட்டல் நின்றுவிட்டதாக வைத்தியரிடம் கூறினார். கே, கார்லினர் என்ற இரு வைத்தியர்களும் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாமல், அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற ராணுவக் கப்பலில், சிப்பாய்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தையும் மறு பகுதியினருக்குப் போலி மாத்திரையையும் கொடுத்துச் சோதித்து, அதன் பயனை நிலைநாட்டினார்கள். அதுவே டிரமமைன். நம் ஊர் மருந்துக் கடைகளில் பலரும் பெயர் சொல்லிக் கேட்கும் அவோமின் வேறு ரசாயனம். ஆனால் வேலை ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் தூக்கத்தைத் தருபவை. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டையில் உள்ள ஸ்கோபாலமைன், நம் வேலியோரத்து ஊமத்தையில் இருக்கும் விஷங்களுள் ஒன்று. கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் மூத்திரம் இறங்கத் தொல்லைப்படும் முதியவர்களுக்கும் அது ஆகாது. ஊமத்தையையே நேராக அணுக யாரும் துணியக்கூடாது. எந்த மாத்திரையானாலும் வைத்தியரைக் கேட்டு, கப்பல் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்பே விழுங்கிவிடவேண்டும். குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை தன் வேலையை நிறுத்திவிடுவதால், விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும். இஞ்சியை நம்புகிறவர்களை நான் நகைக்க மாட்டேன்: 1988-இல் டென்மார்க்கின் கடற்படைப் பயிற்சியாளர்கள் 80 பேரைக் கொண்டு நடந்த கடற்சோதனையில் இஞ்சித்தூள் வாந்தியைக் குறைத்தது. எலுமிச்சைக்கு அத்தகைய சாட்சியம் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

எல்லா மருந்திலும் சிறந்தது மூன்றாம் நாள். இடைவிடாமல் ஆடும் கப்பலில் இரண்டு மூன்று நாட்கள் கழிவதற்குள் மூளை தன் பழைய விதியைத் திருத்தி, அந்தக் கப்பலின் தாளத்தையே இயல்பு என்று எழுதிக்கொள்கிறது. அதன் பின் பெரும்பாலோர்க்கு மயக்கம் இல்லை. இதனால் மூன்று நாள் சுற்றுப்பிரயாணத்தை வாங்குகிறவர் துன்பத்தின் பங்கை முழுமையாகப் பெற்று, பழக்கத்தின் பயனை அனுபவியாமலே இறங்கிவிடும் சாத்தியம் உண்டு. ஐந்து நாளைக்குக் குறையாத பிரயாணமே கொடுத்த பணத்துக்குத் தகும் என்பது என் அபிப்பிராயம். திருத்திய விதி தரையில் இறங்கியவுடன் அழிவதும் இல்லை. இறங்கியவர்களில் பலருக்குத் துறைமுகத்தின் சிமெண்டுத் தரையே தூங்கி வழிவதுபோல் ஆடும். குளிக்கும் அறையில் கண்ணை மூடித் தலைக்கு நீர் ஊற்றும்போது அது மிகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். மிகச் சிலருக்கு, அவர்களிலும் நடுவயதுப் பெண்களுக்கே அதிகமாக, மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. ஒரு மாதத்தைத் தாண்டினால் காது மூக்குத் தொண்டை வைத்தியரைப் பார்க்கவேண்டும். ஆட்டம் அடங்கும் வரை, துறைமுகத்தில் நிறுத்தி வைத்த ஸ்கூட்டரை உடனே எடுக்காமல் ஆட்டோவில் வீடு போய்ச் சேர்வது உசிதம்.